காடை ஓடும் தடம்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

காடை ஓடும்போது அதன் கால் அசைவைக் கேமராவாலும், பாதம் தரையில் கொடுக்கும் விசையை விசைத்தட்டாலும் அளக்கிறோம். முதலில் கேமரா அளவுத்திருத்தம். படத்தில் உள்ள புள்ளியை இடத்தில் உள்ள புள்ளியோடு இணைக்கும் நேரடி நேரியல் உருமாற்ற முறையில் ஒரு கேமராவுக்கு 11 கெழுக்கள். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரே தளத்தில் அமையாத 6 புள்ளிகள் போதும். ஆனால் அது ஏட்டுக் கணக்கு. புள்ளிகள் நிரப்பிய இடத்தைத் தாண்டிக் கால் போனதும் பிழை மளமளவென்று ஏறும். அதனால் இரு முனையிலும் குறி உள்ள, நீளம் தெரிந்த கோலைத் தடத்தின் தரையிலிருந்து பறவையின் முதுகுக்கு மேல் வரை, மூலை முடுக்கெல்லாம் ஆட்ட வேண்டும். மறுவீழ்ப்புப் பிழை (கணக்கிட்ட புள்ளியைப் படத்தில் திரும்ப வைக்கும்போது வரும் விலகல்) 1 பிக்சலுக்குள் வந்துவிட்டது என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. கணக்கில் வரும் கோலின் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறதா என்பதே உண்மையான சோதனை.

திருத்தம் முடிந்ததும் லென்ஸ் வளையங்களை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். முக்காலியில் யாராவது இடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஷட்டர்: பறவை நொடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது, கால் சுழற்சியில் பாதி நேரம் தரையில் நிற்கிறது என்று வைத்தால், காற்றில் வீசும் பாதம் சராசரியாக நொடிக்கு 4 மீட்டர் போகும். 1/1000 நொடியில் 4 மி.மீ. மங்கல், 1/4000 நொடியில் 1 மி.மீ. அவ்வளவு குறைந்த நேரத்துக்கு ஒளி நிறைய வேண்டும். ஹாலஜன் விளக்கு கூடாது. சூட்டில் காடை வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கிவிடும். நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்.ஈ.டி. நல்லது, பிரேமுக்குப் பிரேம் மினுக்காது.

மார்ச் 6

விசைத்தட்டு. 180 கிராம் காடையின் எடை 1.77 நியூட்டன். மனிதர்களுக்கான தட்டில் இது இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும். சிறிய, விறைப்பான, எடை குறைந்த தட்டு வேண்டும். விரலால் சுண்டி, எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. தட்டின் எடை கூடக் கூட அந்த அதிர்வெண் இறங்கி, பாதம் மோதும் சிகரத்தோடு கலந்துவிடும்.

20, 50, 100, 200 கிராம் எடைக்கற்களைத் தட்டின் பல இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். கிடைவிசைக்கு நூலும் கப்பியும் போதும். அப்போது செங்குத்து அலைவரிசையில் ஏதாவது தெரிந்தால் அது குறுக்குக் கசிவு. திருத்த அணி (matrix) ஒன்றை வைத்துத் திருத்திவிடலாம்.

பலரும் கவனிக்காத இடம், தட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு. அதில் எச்சமோ இறகுத் தண்டோ சிக்கினால் விசையில் ஒரு பங்கு தடத்துக்கு இறங்கிவிடும். வரைபடம் அழகாகவே இருக்கும், எண் மட்டும் குறைந்திருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மெல்லிய அட்டையை இடுக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 10

குறியிடல். பின்பக்கம் மடங்கும் ‘முழங்கால்’ உண்மையில் கணுக்கால். நிஜ முழங்கால் இறகுக்குள் இருக்கிறது, அதன்மேல் தோல் வழுக்கும். அங்கே வைத்த குறி எலும்போடு நகராது. ஒட்டும் குறிகளைக் காடை கொத்திப் பிய்த்துவிடும் என்பதால் பெயின்ட் புள்ளியே மேல்.

மார்ச் 12

ஓட்டங்கள். பெரும்பாலானவை கழிவுதான். நடுவில் நிற்கும், பாதி பாதம் தட்டுக்கு வெளியே விழும், இரண்டு காலும் ஒன்றாக மிதிக்கும். மிஞ்சியதை எடை சோதிக்கும். சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடினால், ஒரு காலின் செங்குத்துக் கணத்தாக்கம் (விசையை நேரத்தின் மேல் கூட்டிய அளவு) எடை × அரைச் சுழற்சி நேரம். சுழற்சி 0.3 நொடி என்றால் 0.265 நியூட்டன்-நொடி. வேகமும் மாறவில்லை, இந்த எண்ணும் வரவில்லை என்றால் பறவையைச் சந்தேகிக்கும் முன் இடுக்கைப் பார்க்க வேண்டும். கருவி எதுவும் வாங்காமல் கிடைக்கும் இந்தச் சோதனையை வெளியாகும் கட்டுரைகளிலும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

மார்ச் 17

வடிகட்டல். இடத்திலிருந்து முடுக்கத்தைப் பெற இருமுறை வகையிடும்போது இரைச்சல் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு வளரும். 50 ஹெர்ட்ஸில் வெறும் 0.1 மி.மீ. ஆட்டம் 9.9 மீ/நொ² முடுக்கமாகிவிடும், அதாவது புவியீர்ப்பு அளவுக்கு. வேகமான ஆட்டத்தை நீக்கும் இரண்டாம் வரிசை பட்டர்வொர்த் ஃபில்டரை முன்னும் பின்னும் ஓட்டினால் காலத்தாமதம் நீங்கும். ஆனால் வெட்டு அதிர்வெண் (அதற்கு மேலுள்ள ஆட்டத்தை ஃபில்டர் நீக்கும்) கீழே இறங்கும், இருமுறை ஓட்டத்துக்கு அதை 0.802-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். மூட்டுத் திருப்புவிசை கணக்கிடுவதானால் விசைக்கும் இடப்பெயர்ச்சிக்கும் ஒரே வெட்டு வேண்டும். இல்லையென்றால் பாதம் தரையைத் தொடும் கணத்தில் இல்லாத திருப்புவிசை முளைக்கும்.

வடிகட்டாத மூலத்தரவையும் அன்றன்றைய அளவுத்திருத்தக் கோப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுதான். அடுத்து வருபவர் எந்த வெட்டை வைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் 20

நடையா, ஓட்டமா? ஃப்ரூட் எண் = வேகத்தின் வர்க்கம் ÷ (புவியீர்ப்பு × இடுப்பு உயரம்). இடுப்பு 0.1 மீட்டரில் இருந்தால் நொடிக்கு 0.7 மீட்டரில் 0.5 வரும், பல விலங்குகள் ஓட்டத்துக்கு மாறும் இடம் அதுவே. காடையிடம் மட்டும் இதை நம்பி வகைப்படுத்த முடியாது. இரு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விடாமலேயே, உடல் குதித்து எழும் பாணியில் ஓடும். பாதம் தரையில் இருக்கும் பங்கை மட்டும் பார்த்தால் ‘நடை’ என்று எழுதிவிடுவோம். நிறை மையத்தின் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் எதிரெதிராக ஏறி இறங்கினால் நடை, சேர்ந்தே ஏறி இறங்கினால் ஓட்டம். அதற்கு முழு அடிக்கும் இரு கால்களின் மொத்த விசையும் வேண்டும். ஒரு பாதத்துக்கு மட்டுமான ஒற்றைச் சிறு தட்டில் அது கிடைக்காது. தடத்தில் இரண்டாவது தட்டுக்கான இடத்தை இன்று குறித்தாயிற்று.