அபுசேனி: ஓடைகள் மறைந்துபோகும் மலை

திருகோணமலையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கோணேசர் கோயில் பாறையில் விழுந்தால் வழிந்து நேரே கடலுக்குள். அது மிகப் பழைய, இறுகிய பாறை, தண்ணீருக்கு இலேசில் மசியாது. யாழ்ப்பாணத்தில் கதை வேறு, அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், அந்தக் கல் கரைந்து உண்டான ஆழமான இயற்கைக் கிணறான நிலாவரையை எட்டிப் பார்த்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று தெரியும்.

ருமேனியாவின் அபுசேனி மலைகளைப் பற்றி வாசிக்கும்போது நிலாவரைதான் மனதில் ஓடுகிறது. கார்பேத்தியன் மலைத்தொடரின் மேற்குப் பகுதி அது. உயரம் பெரிதில்லை, உச்சியே 1849 மீட்டர், நம்முடைய பிதுருதலாகலை 2524. ஆனால் நூற்றுக்கணக்கான குகைகள்! மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, வெடிப்புகளுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போக, பாதிஷ் மேட்டுநிலத்தில் ஓடிவரும் ஓடைகள் திடீரென ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போய்விடுகின்றன. அப்புறம் எங்கோ கீழே ஊற்றாக வெளியே வரும். இந்த மலையின் ஆறுகளில் பாதிக் கதை வரைபடத்தில் இல்லை என்பதுதான் என்னைப் பிடித்து இழுக்கிறது.

எல்லாவற்றிலும் அதிசயம் ஸ்கரிஷ்வாரா பனிக்குகை. வாசல் ஏறக்குறைய 1165 மீட்டர் உயரத்தில், அதிலிருந்து 48 மீட்டர் ஆழக் கிணறுபோலக் கீழே இறங்குகிறது. குளிர்காலத்துக் குளிர்காற்று கனமானது, உள்ளே இறங்கித் தங்கிவிடும். கோடையின் சூடான காற்று இலேசானது, அதைத் தள்ளிவிட்டு உள்ளே போக முடியாது. மீன் வாடியில் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தாலும் குளிர் அடியிலேயே கிடக்குமே, அதே சங்கதிதான். இப்படிச் சேர்ந்த பனியின் அடிப்பகுதிக்கு வயது 10,000 ஆண்டுகளுக்கு மேல்.

1975இல் கிஷ்காவ் கிராமத்தில் பளிங்குக்கல்லுக்கு வெடி வைத்தபோது திறந்துகொண்ட இன்னொரு குகையில், அழிந்துபோன குகைக் கரடிகளின் எலும்புகள் கிடந்தன. சரி, அதைத் தனியாக எழுத வேண்டும்.

குகைகளை ஆராய்வதற்கென்றே உலகின் முதல் நிறுவனத்தை ருமேனிய உயிரியலாளர் எமில் ராகோவிட்சா 1920இல் பக்கத்து நகரமான குளூஜில் தொடங்கியதில் வியப்பே இல்லை. ஸ்கரிஷ்வாரா பனியைத் துளைத்தெடுத்து, அடுக்கடுக்காக உறைந்திருக்கும் மகரந்தத்தை வைத்து அந்தக் காலத்தில் வெளியே என்ன மரங்கள் நின்றன என்றுகூடக் கண்டுபிடிக்கிறார்கள். குளிர்காலம் சூடாகிக்கொண்டே போனால் அந்தப் பனி நிற்காது, வாசிக்க வேண்டிய அடுக்குகள் வாசிக்கப்படும் முன்பே உருகிவிடுமோ என்பதுதான் எனக்குக் கவலை.