ஏழு பேருக்கு ஒரு பழைய இன்னோவா

வீட்டில் நாங்கள் ஏழு பேர். அம்மாவுக்கு மூட்டு வலி, பஸ் படி ஏற முடியாது. குலதெய்வம் கோயிலுக்குக்கூட வாடகை வண்டி பிடித்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் பழைய இன்னோவா ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தோம். 2016இல் புது இன்னோவா கிரிஸ்டா வருவதற்கு முந்தைய மாடல், 2.5 லிட்டர் டீசல். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், வேலை தெரிந்தவர்களும் நிறையப் பேர். ஆனால் இந்த வயதில் எந்த வண்டியும் ஓட்டியவர் கையைப் பொறுத்துத்தான் இருக்கும்.

முதலில் பார்த்தது பழைய வண்டி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில். பாலிஷ் போட்டு மின்னியது, மீட்டரில் 98,000 கிலோமீட்டர். நாங்கள் போகும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏசி போட்டு வச்சிருக்கேன், உட்காந்து பாருங்க சார்" என்றார்கள். எனக்கு அது உபசரிப்பாகத்தான் பட்டது. கூட வந்த மெக்கானிக் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "சூடா இருக்கிற எஞ்சின் எதையும் காட்டாது தம்பி. காலைல நாம வந்துதான் முதல் ஸ்டார்ட் பண்ணணும். அதுவரைக்கும் யாரும் சாவி போடக்கூடாதுன்னு சொல்லிடுங்க."

மறுநாள் விடிந்ததும் போனோம். பானெட்டில் கை வைத்து, சில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் சாவியைத் திருப்பினார். நேற்று அவ்வளவு அமைதியாக இருந்த எஞ்சின் இழுத்து இழுத்துக் கிளம்பியது. வெள்ளைப் புகை, கூடவே 'டக் டக்' சத்தம். ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை தள்ளியது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, எரியுற புகை ஆயில் பக்கம் கசியுது. இன்ஜெக்டரும் போயிருக்கு."

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு சின்ன செம்பு வாஷர் உண்டு. அது சரியாக உட்காராவிட்டால் எரிந்த புகை மேலே கசிந்து, கரியாக எஞ்சின் ஆயிலில் கலக்கும். அந்தக் கரி, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வலை வடிகட்டியில் படிந்து அடைக்கும். பிறகு டர்போவுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போகாது. சில நூறு ரூபாய் வாஷரைக் கவனிக்காமல் விட்டு, முழு எஞ்சினையும் இறக்கவேண்டி வந்த வண்டிகளை அண்ணன் பார்த்திருக்கிறாராம். புகை தள்ளுவது பிஸ்டன் ரிங் தேய்மானத்தாலும் வரும். எதுவானாலும் நமக்கு நட்டம்தான்.

கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. 98,000 ஓடிய வண்டியில் அப்படித் தேயாது. ஆர்சி விவரத்தைப் பார்த்தால் முதலில் டி-போர்டாக, அதாவது வாடகை வண்டியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டுக்கு மாற்றியது. விட்டுவிட்டோம்.

இரண்டாவது, சென்னை ரெஜிஸ்ட்ரேஷன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வண்டி மூழ்கியதால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தோம். அடிப்பகுதியில் சேற்றுக் கறை. கார்ப்பெட்டுக்கு அடியில் சீட் ரெயில் துருப்பிடித்திருந்தது. வேறெதுவும் பார்க்கவில்லை.

மூன்றாவது, ஈரோட்டுப் பக்கம் ஒரு குடும்பத்தில் இருந்தது. 2012 மாடல், 2,14,000 கிலோமீட்டர். எண்ணைக் கேட்டதும் என் மனைவி தயங்கினாள். ஆனால் அவர்கள் சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், பில்லோடு வரும் இரண்டு லட்சம், பில் இல்லாத ஒரு லட்சத்தைவிட நல்லது. காலையில் ஆறிய எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. ஆயில் மூடியிலும் புகை தள்ளவில்லை.

குறைகள் இருந்தன. ரிவர்ஸ் போடும்போது அடியில் 'டங்' என்றது; இது பின்சக்கர டிரைவ் வண்டி, பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் கடகடத்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருந்தன. ஸ்டீயரிங் ராக்கில் லேசான ஆயில் ஈரம். பின்பக்க ஏசிக்குக் கூலிங் காயில் தனி என்பதால், முன்னால் உட்கார்ந்து பார்த்து ஏமாந்துவிடக் கூடாதென்று கடைசி சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். குளிர்ச்சி குறைந்துகொண்டே வந்தது, காயிலில் கசிவு. பிள்ளைகள் உட்காரும் இடம் அது.

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் அசைய வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் மட்டும் ஃபைலில் இல்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்றியிருக்க வேண்டியது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். "மாத்தினதா ஞாபகம்" என்றார் பெரியவர். அண்ணன் பணிவாகவே சொன்னார்: "ஞாபகத்தை நம்பி ஓட்ட முடியாதுங்க ஐயா." எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினோம். 45,000 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பெல்ட்டோடு டென்ஷனரும் புதிது, நான்கு இன்ஜெக்டருக்கும் புது வாஷர். சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரை வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். வலைக்கண் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் அம்மாவுக்கு போன் செய்து, வண்டி வாங்கிவிட்டோம் என்று சொன்னேன்.