சுங்குடிப் புள்ளி கைகொடுத்தது: செகண்ட் லைஃபில் பன்னிரண்டு புடவைகள்

மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத பிரச்சினை புதன்கிழமை இரவு தீர்ந்தது. செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் என் பார்சலின் (அங்கே எனக்குள்ள நிலத்துண்டு) ஓரத்துக்குப் போய், கேமராவை நாற்பது மீட்டர் பின்னால் இழுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு புடவைகளும் தொங்கிய வரிசையிலேயே தொங்கின. ஒன்றும் மறையவில்லை. பின்னால் இருப்பது முன்னால் தாவவும் இல்லை. பத்து நிமிடம் கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

எதற்காக இந்தப் படைப்பு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் நான் வளர்ந்த தெருவில் எதிர்வீட்டுச் சௌராஷ்டிரப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார். அது சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பி வரும். காய்ந்த துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஓர் இழு இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழும். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாமல் ஒரு வெள்ளைப் புள்ளி. வைகை மணலில் காயும் சுங்குடிப் புடவைகளுக்கு நடுவே ஓடியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருபுறமும் நிறம், நடுவில் வெயில். அதைத்தான் செகண்ட் லைஃபில் கட்ட நினைத்தேன். பத்து மீட்டர் உயர மூங்கில் சட்டங்கள், அவற்றிலிருந்து தொங்கும் ஒன்பது மீட்டர்ப் புடவைகள், கீழே மணல். பார்க்க வருபவர் அவற்றுக்கு இடையில் நடந்து போக வேண்டும்.

ஒளி ஊடுருவும் துணி என்றதுமே இங்கே கட்டிப் பழகியவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆல்ஃபா, அதாவது படத்தின் ஒவ்வொரு பிக்சலும் (சின்னஞ்சிறு கட்டம்) எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்: 0 என்றால் முழு ஓட்டை, 255 என்றால் முழுக் கெட்டி.

முதலில் எல்லோரையும் போல, பின்னால் இருப்பது அரைகுறையாகத் தெரியும்படி நிறங்களைக் கலக்கும் பிளெண்டிங்கில்தான் தொடங்கினேன். ஒரே ஒரு புடவை தொங்கியபோது அற்புதமாக இருந்தது. நான்காவது வந்ததும் வரிசை குலைந்தது. வியூவர் (இந்த உலகத்தைக் கணினியில் காட்டும் நிரல்) ஒளிபுகும் பரப்புகளை எல்லாம் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, தொலைவில் இருப்பதை முதலில் வரைகிறது. அந்தத் தூரத்தைப் பரப்பின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கிறது. ஒன்பது மீட்டர்த் துணிக்கு நடுப்புள்ளி தலைக்கு மேலே எங்கோ இருக்கிறது. கீழே நடக்கும் அவதார் (உள்ளே நம் உருவம்) ஓர் அடி வைத்தால் போதும், அரக்குப் புடவைக்குப் பின்னால் இருந்த மஞ்சள் சட்டென்று முன்னால் வந்து நிற்கும், அடுத்த அடியில் பின்னால் போய்விடும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். துணியை மேலிருந்து கீழாக ஆறு துண்டாக வெட்டிப் பார்த்தேன். நடுப்புள்ளிகள் கூடின, தாவல்களும் கூடின. புடவைகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டால் பிரச்சினை குறையும், ஆனால் நெருக்கம் போய்விடும். நெருக்கம் இல்லையென்றால் இந்தப் படைப்பே இல்லை.

மாஸ்கிங் என்ற இன்னொரு முறையில் இந்த வரிசைத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆனால் அரைகுறை ஒளிபுகல் என்பதே அதில் கிடையாதே, மெல்லிய துணிக்கு அது எப்படி உதவும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து, வீட்டில் பீரோவிலிருந்து ஒரு பழைய சுங்குடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. சாயம் ஏறாத இடம் வெள்ளை. அப்படியானால் என் துணியில் சாயம் ஏறாத இடம் வெளிச்சமாகவே இருக்கலாமே. புள்ளிகளை ஓட்டைகளாக விட்டால் துணி தானாக ஒளி விடும். பாட்டி முடிச்சுப் போட்ட இடத்தில் எல்லாம் நான் ஓட்டை போட வேண்டியதுதான்.

கிம்ப் என்ற பட நிரலில் 128க்கு 128 பிக்சல் அளவில் ஒரு சிறு சதுரம். அதில் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. கையால் வரைந்தேன், ஒன்று போல் ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காக. நிஜச் சுங்குடியைவிடப் புள்ளிகள் நெருக்கம்தான், அதைத் தெரிந்தேதான் செய்தேன். முதலில் 1024 அளவில் பெரிதாகச் செய்து ஏற்றியிருந்தேன். ஏற்றும்போது நடக்கும் சுருக்கத்தில் புள்ளிகளின் விளிம்பு பிசிறடித்துவிட்டது. 128 வரை உள்ள படங்களுக்கு மட்டும் தரம் குறையாமல் ஏற்றும் தேர்வு ஒன்று இருக்கிறது. சதுரத்தைச் சிறிதாக்கி, அந்தத் தேர்வை டிக் செய்து, துணி நெடுகத் திரும்பத் திரும்பப் பரப்பிவிட்டால் விளிம்பு கத்தி போல நிற்கிறது. கிம்ப்பிலிருந்து பிஎன்ஜி படக் கோப்பாகச் சேமிக்கும்போது ஒளிபுகும் இடங்களின் நிறத்தையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்ல மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் கறுப்பு வளையம் வரும்.

சதுரம் முழுக்க வெள்ளைதான். நிறத்தை எடிட் பெட்டியில் டின்ட்டாக (மேலே பூசும் நிறம்) கொடுக்கிறேன். ஒரே டெக்ஸ்ச்சர் (பரப்பில் ஒட்டும் படம்), பன்னிரண்டு நிறம்: அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, ராமர் பச்சை, வாடாமல்லி என்று போகிறது. ஒவ்வொன்றாக நிறம் மாற்றும்போது நிஜமாகவே சாயத் தொட்டியில் முக்கி எடுப்பது போல இருந்தது.

இனிதான் அந்த மூன்று வாரத்தின் கடைசிப் பூட்டு. கிட்டே நின்று பார்த்தால் துணி அருமை. பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் தள்ளிப் போனதும் உடல் பகுதி முழுதும் காணாமல் போய், பார்டரும் முந்தானையும் மட்டும் காற்றில் தொங்கின. மெஷ்ஷில் (துணியின் முப்பரிமாண வடிவம்) கோளாறு என்று நினைத்து எல்ஓடியை (தூரத்துக்கு ஏற்ப வடிவத்தை எளிதாக்கும் படிகள்) இரண்டு நாள் நோண்டினேன். காரணம் அது இல்லை. தூரம் கூடக் கூட வியூவர் டெக்ஸ்ச்சரைப் பாதி பாதியாகச் சுருக்கிய பிரதிகளைப் பயன்படுத்துகிறது. சுருங்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் கலந்து சராசரி ஆகின்றன. என் சதுரத்தில் ஓட்டை 56 விழுக்காடு, துணி 44. சராசரி ஆல்ஃபா 255-இல் சுமார் 112. மாஸ்க் கட்ஆஃபை (எந்த ஆல்ஃபாவுக்குக் கீழே ஓட்டை என்று கொள்ளும் வரம்பு) நான் 128-இல் வைத்திருந்தேன். 112 அதற்குக் கீழே, அதனால் தொலைவில் முழுத் துணியையும் ஓட்டை என்று எடுத்துக்கொண்டு வரையாமல் விட்டிருக்கிறது!

கட்ஆஃபை 90க்கு இறக்கினேன். இப்போது தொலைவில் சராசரி கட்ஆஃபுக்கு மேலே நிற்கிறது, ஆகவே துணி கெட்டியாகத் தெரிகிறது. நெருங்க நெருங்கப் புள்ளிகள் மெல்ல மெல்லத் திறக்கின்றன. யோசித்துப் பாருங்கள், நிஜத் துணியும் அப்படித்தானே. தெருமுனையிலிருந்து பார்த்தால் கெட்டி நிறம், பக்கத்தில் வந்தால்தான் அது மெலிதென்று தெரியும். நான் கேட்காமலே கிடைத்த வரம் இது. 100, 110 என்றும் வைத்துப் பார்த்தேன். 112-ஐ நெருங்கினால் நடுத்தூரத்தில் துணி மினுக்குகிறது. 90 பாதுகாப்பான எண். உங்கள் டெக்ஸ்ச்சரில் துணி எவ்வளவு, ஓட்டை எவ்வளவு என்று பார்த்துச் சராசரியைக் கணக்கிட்டு, அதிலிருந்து இருபது கழித்து வையுங்கள். இன்னொரு லாபம், வியூவரில் நிழல் காட்டும் தேர்வைப் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்தில் கிட்டே நின்றால் மணலில் புள்ளி நிழல் விழுகிறது.

சோதனைகளை எல்லாம் ஃபயர்ஸ்டார்ம் என்ற வியூவரில், ஏற்றாமல் என் கணினியிலிருந்தே காட்டும் லோக்கல் டெக்ஸ்ச்சராகவே செய்தேன். கிம்ப்பில் சேமித்தவுடன் உலகத்தில் மாறிவிடும். மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் என்ன. ஒவ்வொரு தடவையும் ஏற்றியிருந்தால் தடவைக்குப் பத்து லிண்டன் டாலர் (இந்த உலகத்தின் பணம்), நம் கணக்கில் மூன்று ரூபாய்ச் சொச்சம். தொகை சிறியதுதான், ஆனால் நாற்பது தடவை தோற்றிருக்கிறேன்.

மெஷ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண நிரலில் துணி விழும் விதத்தைக் கணக்கிடும் சிமுலேஷன் ஓட்டி, மெஷ்ஷை 1,400 முக்கோணத்துக்குக் குறைத்தேன். பின்பக்கத்துக்குத் தனி முகம் (பரப்பு) வேண்டியிருந்தது. பிபிஆர் என்ற புதிய மெட்டீரியல் முறையில் இரட்டைப் பக்கத் தேர்வு இருக்கிறது, ஆனால் பழைய வியூவரில் வருபவர்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பதால் பழைய மெட்டீரியலிலேயே நின்றேன். முதல் ஏற்றத்தில் ஒரு புடவைக்கு லேண்ட் இம்பாக்ட் (நிலத்தின் கொள்ளளவில் பொருள் பிடிக்கும் பங்கு) 14 வந்தது. இந்த அளவுள்ள பொருளுக்கு நடு எல்ஓடியும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் இந்த எண்ணைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. நடு எல்ஓடியை 100 முக்கோணத்துக்கும் அதற்குக் கீழே 24க்கும், 8க்கும் இறக்கியதில் 3 ஆயிற்று. பன்னிரண்டுக்கும் 36. என் 1024 சதுர மீட்டர் பார்சலுக்கு 351 இருக்கிறது, போதும்.

மூங்கில்தான் வருத்தம். செகண்ட் லைஃப் சந்தையில் முழு அனுமதியோடு (மாற்றலாம், நகலெடுக்கலாம், பிறருக்குத் தரலாம்) ஒரு தொகுப்பு வாங்கினேன். யார் கடை என்று சொல்ல விரும்பவில்லை. கழிக்கு 11 லேண்ட் இம்பாக்ட், அதிலும் இருபது மீட்டர் தள்ளிப் போனால் நொறுங்கி மூன்று முக்கோணமாகத் தெரிகிறது. வாங்குவதற்கு முன் கடையின் மாதிரியைத் தொலைவிலிருந்தும், எல்ஓடி எண்ணைக் குறைத்து வைத்தும் பாருங்கள். மணலுக்கான படத்தை பாலி ஹேவன் என்ற இலவசத் தளத்தில் எடுத்தேன். சிசி0 உரிமம் (யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்), கேள்வியே கிடையாது. நிறத்தை மட்டும் வைகைக்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் வெளுப்பாக்கினேன்.

மூங்கிலை நானே செய்யப் போகிறேன், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபயர்ஸ்டார்மில் நாமே உருவாக்கியதை மட்டும்தான் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடியும். இந்த உலகத்தில் இடம் நிரந்தரம் இல்லை. சீனக் கலைஞர் சாவ் ஃபெய் இங்கே கட்டிய ஆர்எம்பி சிட்டி உலகம் முழுக்கப் பேசப்பட்டது, 2011-இல் மூடப்பட்டது. கலைஞர்களுக்கு இலவசமாக முழு ரீஜன்களை (பெரிய நிலப் பகுதிகள்) கொடுத்துவந்த லிண்டன் எண்டோமென்ட் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற திட்டம் 2019-இல் நின்றது. அங்கே இருந்த படைப்புகள் பலவற்றில் இன்று படமும் வீடியோவும்தான் மிச்சம். ஆகவே கடைசி ஆணி வரை என் கையால் இருக்க வேண்டும், ஒரு பிரதி என் கணினியில் ஓப்பன்சிம் என்ற திறமூல மெய்நிகர் உலக நிரலில் ஓட வேண்டும். ஓப்பன்சிமில் புடவைகளை ஏற்கெனவே தொங்கவிட்டுப் பார்த்துவிட்டேன், கட்ஆஃப் 90 அங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

அடுத்தது காற்று. துணி அசையாமல் நிற்பது உறுத்துகிறது. பொருளைக் காற்றில் வளையவிடும் ஃபிளெக்ஸி மெஷ்ஷுக்குக் கிடையாது, பெட்டிப் பிரிமை (உலகத்துக்குள்ளேயே கட்டும் அடிப்படை வடிவம்) வைத்துச் செய்தால் மடிப்பு வராது. உள்ளே எலும்புகளை வைத்து மெஷ்ஷை அசைக்கும் அனிமெஷ் நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடிப்படையே 15 லேண்ட் இம்பாக்ட். பன்னிரண்டுக்கும் 180 என்றால் பாதி நிலம் போய்விடும். நுழைவில் இருக்கும் மூன்றை மட்டும் அனிமெஷாக்கலாம் என்று இருக்கிறேன். எலும்புகளை எப்படி அடுக்குவது என்று பார்க்க ஆடிட்டி பீட்டா கிரிட் என்ற சோதனை உலகத்தில் சோதிக்கிறேன், அங்கே ஏற்றக் காசு போகாது. யாராவது அனிமெஷில் தொங்கும் துணி செய்திருந்தால் எத்தனை எலும்பு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். நான் ஐந்தில் தொடங்கியிருக்கிறேன், கீழ் நுனி விறைப்பாக ஆடுகிறது.

வருபவர்களுக்குத் தரும் நோட்கார்டைத் தமிழிலும் எழுதினேன். என் வியூவரில் கொம்பு எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன, படிக்கவே முடியவில்லை. அதனால் தமிழ்க் குறிப்பைப் படமாக்கி, நுழைவில் ஒரு பலகையில் ஒட்டுகிறேன். முடிச்சு, சாயம், இழுத்தல் மூன்றையும் நாலே வரியில் எழுதியிருக்கிறேன்.

திறப்பு நேரத்தில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இங்கே பல கண்காட்சிகள் லிண்டன் நேரப்படி (செகண்ட் லைஃப் பின்பற்றும் கலிபோர்னியா நேரம்) மதியம்தான் திறக்கின்றன, நமக்கு அது நள்ளிரவு தாண்டி. என்னுடையது காலை 7 மணி, கோடையில் நமக்கு இரவு 7.30. மதுரையிலிருந்து என் சித்தி மகள் முதல் முறையாக உள்ளே வரப் போகிறாள், அவளுக்காகவாவது.

ஆனால் தேதி இன்னும் குறிக்கவில்லை. முந்தானையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. இரண்டு முகத்துக்கும் டின்ட் ஒன்றேதான், இருந்தும் வாடாமல்லியில் மட்டும் நிறம் ஒரு சாயல் விலகுகிறது. நாளை உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.