பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம்: தாய்-சேய் பிணைப்புப் பயிற்சி எப்படி இருக்கவேண்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தாய்-சேய் பிணைப்பு பற்றிப் பயிற்சி கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாள் மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினால் எதுவும் மாறாது. அவர்களுக்கு வரவேண்டிய முதல் பழக்கம், வீட்டுக்குள் போனதும் ஐந்து நிமிடம் அறிவுரை எதுவும் சொல்லாமல் பார்ப்பது. மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

எதைப் பார்ப்பது? பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. பசித்தால் முதலில் தலையைத் திருப்பி வாயைத் திறக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், சப்புக்கொட்டும். அழுகை அதற்கெல்லாம் பிறகு வருவது. 'போதும், கொஞ்சம் விடு' என்பதற்கும் அதற்கு ஒரு பாஷை உண்டு: பார்வையை விலக்கும், கொட்டாவி விடும், விரல்களை அகல விரிக்கும், முதுகை வளைக்கும். பெரும்பாலும் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது பார்வையை விலக்குவதுதான். "என்னையப் பார்க்க மாட்டேங்குது" என்று மனம் சுணங்கி, கிலுகிலுப்பையை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோய் ஆட்டுவார்கள். குழந்தை இன்னும் திரும்பிக்கொள்ளும். சில நொடி சும்மா இருந்தால் அதுவே திரும்பிப் பார்க்கும்.

இதைப் பழக்க ஒரு நிமிட வீடியோ ஒன்று போதும். அதை மூன்று தடவை போடுங்கள்: முதல் தடவை சத்தமில்லாமல், குழந்தையை மட்டும், அடுத்து அம்மாவை மட்டும், மூன்றாவது சத்தத்தோடு, இரண்டு பேரையும். கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 'குழந்தை முகத்தைத் திருப்பியது, அம்மா கன்னத்தைத் தட்டினார்' என்று எழுதலாம். 'அம்மாவுக்கு அக்கறை இல்லை' என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதவேண்டும். அனுபவம் அதிகமுள்ள செவிலியர்களுக்குத்தான் இது சிரமம். பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிப் பழகியவர்கள். இதற்கு அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள்.

பார்த்ததைச் சொல்வது அடுத்தது. "நீ பேசவும் கையை ஆட்டுறதை நிறுத்திட்டு உன்னையவே பார்க்குறா பாரு ஆத்தா" என்று ஒரே வாக்கியம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் குழந்தையைத் திரும்பிப் பார்க்க அவகாசம் வேண்டுமல்லவா? இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, அழுகிற குழந்தையைச் செவிலியரே வாங்கி, தட்டிச் சமாதானம் செய்து, "இப்படித் தூக்கணும்" என்று திருப்பிக் கொடுப்பது. குழந்தை அடங்கிவிடும். தன்னால் முடியாதது இவருக்கு முடிகிறது என்ற நினைப்பு அம்மாவிடம் தங்கிவிடும்.

கோட்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஆய்வாளர்கள் ஜான் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் இருவரையும் அறிமுகப்படுத்துங்கள். ஐன்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் பார்த்தவர். பிறகுதான் அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வு அறைச் சோதனை வந்தது. அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பும்போது ஒரு வயதையொட்டிய குழந்தை என்ன செய்கிறது என்பதே அதில் முக்கியம். பிரிவில் அழுது, அம்மா வந்ததும் ஒட்டிக்கொண்டு, ஆறுதலாகி, மறுபடி விளையாடப் போகிற குழந்தை பாதுகாப்பான பிணைப்பு உள்ளது. அழாமல், திரும்பிப் பார்க்காமல் இருப்பதை நம் ஊரில் 'சமத்து' என்போம். அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது உள்ளுக்குள் பதற்றம் இருந்தது தெரிந்தது. ஆனாலும் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கவோ, எந்தக் குழந்தைக்கும் முத்திரை குத்தவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கத்து வீடுகளுக்கென்று சில விஷயங்கள் உண்டு. தலைப்பிரசவம் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அப்பத்தா (அப்பாவைப் பெற்றவர்) வீட்டுக்குப் போகிறார்கள். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கலாம். தூக்கி வளர்க்கக் கைகள் பல இருப்பது குறையே இல்லை. ஒரு குழந்தையால் மூன்று நான்கு பேரிடம்கூடப் பிணைப்பு வைத்துக்கொள்ள முடியும். குளிப்பாட்டுவது ஒருவர், தூங்கவைப்பது ஒருவர், தொட்டில் ஆட்டுவது ஒருவர் என்றாகி, அம்மா பால் கொடுக்க மட்டும் என்று ஒதுங்கிப்போவதைத்தான் செவிலியர் கவனிக்கவேண்டும். அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. "எண்ணெய் தேய்க்கிறப்ப அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சுப் பேசச் சொல்லுங்க ஆச்சி" என்றால் ஏற்றுக்கொள்வார். அப்படியே மூக்கில் எண்ணெய் விடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

ஆறேழு மாதத்துக்குப் பிறகு குழந்தை ஆளை அடையாளம் வைத்துத் தேடும். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற அம்மாக்கள், குழந்தைக்குப் போக்குக் காட்டிவிட்டுப் பின்கட்டு வழியாக நழுவுவது வழக்கம். அந்த நேரத்துக்கு அழுகை இருக்காது, சரி. ஆனால் அம்மா எப்போது மறைவாளோ என்று குழந்தை எந்நேரமும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். முகத்தைக் காட்டி "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போகவேண்டும், குழந்தை அழுதாலும்.

அம்மாவின் மனநிலையைக் கேட்காமல் இந்தப் பயிற்சி முழுமையாகாது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள், கடந்த 7 நாள்களைப் பற்றி. மாமியார் முன்னால் கேட்டால் எல்லாவற்றுக்கும் 'நல்லாருக்கேன்' என்றுதான் பதில் வரும். முகப்பில் வைத்துக் கேட்காமல் தனியாக உள்ளே கூட்டிப்போய்க் கேட்கவேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். அதுவரை தனியே விடக்கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

பயிற்சி முடிந்தபின் மாதம் ஒருமுறை ஆறேழு பேர் கூடி, ஒருவர் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் பேசும் கூட்டம் கட்டாயம் வேண்டும். பெயர் சொல்லக்கூடாது, வீடியோ எடுத்திருந்தால் தாயின் சம்மதத்தோடு பார்த்துவிட்டு அழித்துவிட வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் எப்படியும் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வருகைக்கும் கூடுதலாகக் கால் மணி நேரத்தை வேலை அட்டவணையிலேயே எழுதிக் கொடுக்கும்படி மேலதிகாரிகளிடம் முதல் வாரமே பேசி வாங்கிவிடுங்கள். அது கிடைக்கவில்லை என்றால், பயிற்சி பெற்றவரும் எடையைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடத்தான் செய்வார்.