கிளாம்ப் வாய்க்குத் தோல் துண்டு

14 அக்டோபர் 2023, சனி
அம்மாவுக்கான பூசைப் பலகைக்காக மூன்று தேக்குப் பலகைகளைப் பசையிட்டு, நேற்று இரவு முழுவதும் நான்கு சாஷ் கிளாம்புகளில் (நீண்ட இரும்புத் தண்டில் பொருத்திய இரு வாய்களுக்கு நடுவே பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கி வைத்திருந்தேன். காலையில் கழற்றியபோது, விளிம்பு நெடுக வார்ப்பிரும்பு வாயின் தடம் பதிந்திருந்தது. பிதுங்கி வழிந்த பசை இரும்புத் தண்டைத் தொட்ட இடங்களில் மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. ஈரத்துணியை விரித்து அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தியதும், நசுங்கிய மர இழைகள் நீராவியில் உப்பி எழுந்து பள்ளங்கள் பெரும்பாலும் மறைந்தன. கறை மட்டும் போகவில்லை. மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. மரத்துக்குள் இறங்கிவிடுவதால், இழைப்புளியால் சீவியே எடுக்க வேண்டியிருந்தது. நல்ல தேக்கை அப்படிச் சீவித் தள்ளியதில் மனம் மிகவும் வருந்தியது.

15 அக்டோபர், ஞாயிறு
இரும்பு வாய் இனி மரத்தை நேரே கடிக்காதிருக்க, மிச்சமிருந்த 12 மி.மீ. பிளைவுட்டைக் கிளாம்ப் வாயைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாக அறுத்தேன். முதலில் சைக்கிள் ட்யூபை ஒட்டிப் பார்த்தேன். ரப்பர் அழுத்தத்தில் நெளிந்து பலகையை இடம்பெயரச் செய்ததோடு, கருந்தடமும் விட்டது. செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தோலைச் சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியுமாறு ஒட்டியபோதுதான் பிடி உறுதியாக நின்றது. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் 10 மி.மீ. குழி தோண்டி, சிறு காந்தத்தை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அமரும்படி எபாக்ஸிப் பசையால் பதித்தேன். இனிமேல் ஒரு கையால் திருகும்போது துண்டு நழுவி விழாது. அலுமினியக் கிளாம்பில் காந்தம் பிடிக்காது என்பதால், அதற்கு மட்டும் இருபக்க டேப்.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "மரம் கடிபடுறதுக்கு முன்னாடி துண்டு கடிபடணும், தம்பி. அதுதான் கணக்கு" என்றார். கயிற்றையும் ஆப்பையும் கொண்டே கதவுச் சட்டங்களை இறுக்கிய காலத்தவர் அவர்.

அவர் சென்ற பிறகு நீளமான கட்டைகளைப் பற்றியும் யோசித்தேன். கிளாம்பின் அழுத்தம் மரத்துக்குள் ஏறத்தாழ 45 பாகையில் இருபுறமும் விரிகிறது. வாயிலிருந்து பலகைகள் சேரும் மூட்டு 75 மி.மீ. தள்ளியிருந்தால், அங்கே சுமார் 150 மி.மீ. நீளத்துக்கே அது சென்று சேரும். ஓரப் பலகை குறுகலாக இருக்கும்போது வாய்க்கும் பலகைக்கும் நடுவே தடித்த கட்டையொன்றை வைத்தால், குறைந்த கிளாம்புகளிலேயே மூட்டு முழுவதும் இறுகும்.

22 அக்டோபர், ஞாயிறு
இதுவரை மூலையில் சாய்த்து வைத்திருந்த கிளாம்புகளுக்குச் சுவரில் இடம் அமைத்தேன். 18 மி.மீ. பிளைவுட் பட்டையை நீளவாக்கில் 45 பாகைச் சரிவில் இரண்டாக அறுத்து, ஒன்றைச் சுவரிலும் மற்றொன்றைக் கிளாம்புகளை மாட்டும் தாங்கியின் முதுகிலும் பொருத்தினால், ஒன்றின்மேல் ஒன்று கொக்கிபோல் அமர்ந்துவிடும். பிறகு தாங்கியை வேண்டிய பக்கம் நகர்த்தவும் முடியும். இரும்பின் பாரம் அதிகம் என்பதால், திருகாணி பிடிக்கும் பிளக்குகளைச் சுவர்ப் பூச்சில் நிறுத்தாமல் செங்கல்லின் உள்ளேயே இறக்கினேன். தாங்கியில் தண்டின் தடிமனைவிட 2 மி.மீ. அகலமாக வெட்டிய பிளவுகளைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்திருப்பதால், கை தட்டினாலும் கிளாம்ப் வெளியே வழுக்காது. தாங்கியின் அடியில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகியதும், தோல் துண்டுகள் தம் காந்தத்தாலேயே அதில் வரிசையாக ஒட்டிக்கொண்டன. இவ்வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

29 அக்டோபர், ஞாயிறு
மழைக்காலத் துருவுக்கு அஞ்சித் தண்டுகளில் மெழுகு தேய்த்து, பசை சொட்டும் இடங்களில் பேக்கிங் டேப்பைச் சுற்றி, நேற்று இரண்டாவது பலகையை ஒட்டினேன். இன்று கழற்றியபோது விளிம்பில் தடமில்லை, கறையுமில்லை. ஒரு துண்டில் மட்டும் தோல் ஓரம் பெயர்ந்திருந்ததால், மீண்டும் பசை தடவிக் காய வைத்திருக்கிறேன்.