ஏழரை நிமிடத்தில் எழுந்த கணினி

பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து ஒரு கோப்பைத் திறந்து வேலை தொடங்கும் நிலைக்கு வர, என் வீட்டு மேசைக் கணினி ஏழரை நிமிடம் எடுத்துக்கொண்டது. ஏழரை என்ற சொல்லுக்கு நம் பேச்சில் என்ன பொருளோ, அந்தப் பொருளிலேயே அடுத்த மூன்று வாரங்களும் கழிந்தன. இன்று அதே கணினி, அதே வன்தட்டோடு, ஒன்றரை நிமிடத்தில் தயாராகிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் நான் செய்தவற்றில் முக்கால் பங்கு வீண் வேலை, இரண்டு காரியங்கள் ஆபத்தானவையும்கூட. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு அந்த வீண் வேலையின் விவரம்தான் அதிகம் பயன்படும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

எல்லோரையும் போல நானும் முதலில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தேன். பத்தொன்பது செயலிகள் வரிசையாக நின்றன. அவற்றில் பதினான்கை முடக்கினேன். அன்று மாலை கணினியை அணைத்து மீண்டும் இயக்கியபோது மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. நோய் தீர்ந்தது என்று வீட்டில் அறிவிக்கவும் செய்தேன். மறுநாள் ஒரு புதுப்பிப்புக்காக ரீஸ்டார்ட் செய்ய நேர்ந்தபோது மறுபடியும் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முடக்கிய செயலிகள் மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டனவோ என்று பார்த்தால், அவை முடங்கியபடியேதான் இருந்தன.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருந்துவரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு. அது இயங்கும் நிலையில் நாம் ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணைவதில்லை. திறந்திருக்கும் செயலிகள் மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவும், சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான இயக்கிகளும் இருந்த நிலை வன்தட்டில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுத்து ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் அடியிலிருந்து தொடங்கும். அதாவது, முதல் நாள் நான் அளந்தது ஒன்று, இரண்டாம் நாள் அளந்தது வேறொன்று. டாஸ்க் மேனேஜரில் அப்டைம் என்ற இடத்தைப் பார்த்திருந்தால், தினமும் அணைக்கும் கணினி பல நாட்களாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியிருக்கும், பார்க்கத் தோன்றவில்லை. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ரீஸ்டார்ட் கொடுத்து மட்டுமே நேரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், அப்போது முழுமையாக அணையும். இந்த ஒரு விஷயம் தெரியாததால் எனக்கு நான்கு நாட்கள் போயின.

அடுத்து செய்தது, இரண்டு ஆபத்தான காரியங்களில் முதலாவது. வன்தட்டில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று தோன்றியதும், எந்தக் கோப்பையும் வேறிடத்தில் பிரதி எடுக்காமல், செக்டிஸ்க் கட்டளையை ஆர் என்ற தெரிவோடு ஓடவிட்டேன். அது தட்டின் ஒவ்வொரு பகுதியையும் படித்துப் பார்க்கும் சோதனை. இரவு முழுவதும் ஓடியது. பல மணி நேரம் ஒரே சதவீதத்தில் நின்றது. விடிந்தபோது கெட்டுப்போன பகுதி எதுவும் இல்லை என்றது. தட்டு உண்மையிலேயே சாகக் கிடந்திருந்தால், அந்த ஓர் இரவு உழைப்பே அதை முடித்திருக்கக்கூடும். சந்தேகம் வந்ததும் முதலில் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும், சோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். அது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கணினியை உருவாக்கிய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் பேசிய ஊழியர், எந்தக் கட்டத்தில் தாமதம் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், "ஃபார்மேட் பண்ணிடுங்க சார், சரியாயிடும்" என்றார். வன்தட்டின் விளக்கு எரிவது பற்றியோ, திரையில் வட்டம் சுழலும் நேரம் பற்றியோ நான் சொல்லத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம் திரும்ப வந்தது. களைத்துப்போய் ஒப்புக்கொண்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இம்முறை கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டேன் என்பது மட்டும் ஆறுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விண்டோஸ் 11 புதிதாக நிறுவுவதிலும், செயலிகளை மீண்டும் ஏற்றுவதிலும், மறந்துபோன கடவுச்சொற்களைத் தேடுவதிலும் கழிந்தது. இரவு பத்து மணிக்கு ரீஸ்டார்ட் கொடுத்து அளந்தேன். ஆறு நிமிடம் இருபது விநாடி.

அந்த இரவில் எனக்கு வந்த கோபத்தில் ஒரு பயன் இருந்தது. ஏறக்குறைய எதுவுமே இல்லாத புதிய விண்டோஸ் ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்றால், குற்றவாளி மென்பொருள் அல்ல என்பது தெளிவாயிற்று. ஆனால் அதே தெளிவை ஃபார்மேட் செய்யாமலே பெற்றிருக்கலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. விண்டோஸ் தன் தொடக்க நேரத்தைத் தானே அளந்து எழுதி வைத்துக்கொள்கிறது. விண்டோஸின் பதிவேடுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று இறங்கிப் போனால், 100 என்ற எண்ணுள்ள பதிவுகள் இருக்கும். என் கணினி எந்த நாளிலிருந்து மந்தமாயிற்று என்று அந்தப் பழைய பதிவுகள் தேதியோடு சொல்லியிருக்கும். ஃபார்மேட் செய்தபோது அந்தச் சாட்சியத்தையும் நானே அழித்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்திருந்த 100-ஆம் பதிவைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் பார்த்தேன். மொத்த நேரம் 3,38,000 மில்லிவிநாடி என்றிருந்தது. அதில் மெயின்பாத் பூட்டைம் மட்டும் 2,46,000, பூட்போஸ்ட் பூட்டைம் 92,000. முன்னது விண்டோஸ் ஏறத் தொடங்கியதிலிருந்து மேசைத்திரை தோன்றும் வரையிலான நேரம், பின்னது அதற்குப் பிறகு கணினியின் பரபரப்பு அடங்கும் வரையிலான நேரம். ஸ்டார்ட்அப் செயலிகள் பெரும்பாலும் பின்னதைத்தான் நீட்டும். திரை தோன்றுவதற்கே நான்கு நிமிடம் ஆகிறது என்றால், செயலிகளை முடக்கிக்கொண்டிருப்பதில் பொருளே இல்லை. இயக்கிகளும் இயங்குதளக் கோப்புகளும் தட்டிலிருந்து படிக்கப்படும் கட்டத்தில்தான் ஏதோ சிக்கிக்கொள்கிறது. அதே இடத்தில் 101 என்ற எண் தாமதித்த செயலியையும், 102 தாமதித்த இயக்கியையும், 103 தாமதித்த சேவையையும் காட்டும். எனக்கு இவை மூன்றும் நிறைய இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர்கள். பெயர் மாறிக்கொண்டே இருந்தால், அந்தப் பெயர்கள் எல்லாமே பொதுவான வேறொன்றுக்காகக் காத்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் உள்ள சிஸ்டம் பதிவுகளில் அந்தப் பொதுவான ஒன்று அகப்பட்டது. ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் ஸ்டோர்ஏஹெச்சிஐ என்ற மூலத்திலிருந்து 129 என்ற எச்சரிக்கை, அதாவது சாதனம் பதில் தராததால் அதை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது என்ற குறிப்பு, ஐந்து ஆறு முறை. அவற்றின் இடையிடையே டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 153, அதாவது படிக்கும் முயற்சி மீண்டும் செய்யப்பட்டது என்ற குறிப்பு. கணினி சும்மா மெதுவாக இல்லை, தட்டைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருந்தது.

தட்டு போய்விட்டது என்ற முடிவுக்கு வந்து, சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் புதிதாக வாங்கக் கிளம்பியேவிட்டேன். அதற்கு முன், தட்டின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற செயலியைத் திறந்து பார்த்தபோது நீல நிறத்தில் நலம் என்ற பொருளில் குட் என்று காட்டியது. இதே திரையை முதல் வாரமே ஒருமுறை பார்த்திருந்தேன். நீல நிறத்தைக் கண்டதும் மூடிவிட்டேன். அங்கேதான் பிசகினேன். அந்த நிறம் 05, சி5, சி6 ஆகிய எண்களைத்தான் முதன்மையாகப் பொருட்படுத்துகிறது: மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள், திருத்தவே முடியாத பகுதிகள். எனக்கு மூன்றும் சுழியம். கீழே சி7 என்ற வரி ஒன்று உண்டு. அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எரர் கவுன்ட் என்று பெயர். அதில் ஏ3எஃப் என்றிருந்தது. அந்த மதிப்புகள் பதினாறடிமான முறையில், அதாவது ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளையும் இலக்கங்களாகக் கொண்டு, எழுதப்படுகின்றன என்பதால் எண்ணாகவே தோன்றாது. ஃபங்ஷன் பட்டியலில் ரா வேல்யூஸ் என்பதைப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் புரியும். 2,623.

அந்த வரி தட்டின் உடல்நிலையைச் சொல்வதன்று. தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் ஒவ்வொரு தரவுக் கட்டும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சுமந்து செல்கிறது. வழியில் தரவு சிதைந்து எண் ஒத்துப்போகாவிட்டால், அது கணக்கில் ஏறி, தரவு மீண்டும் அனுப்பப்படுகிறது. அந்த வழி என்பது ஒரு முழ நீளச் சாட்டா கேபிள். ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தேன், 2,641. ஒரே தொடக்கத்தில் பதினெட்டுப் பிழைகள்.

இரண்டு மாதம் முன்பு தூசு தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தது நான்தான். அப்போது அந்தக் கேபிளை மடக்கிப் பக்கவாட்டு மூடிக்குள் திணித்ததும் நினைவுக்கு வந்தது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி அழுத்திப் பொருத்தினேன். இரண்டு நாள் எண் அசையவில்லை. வெற்றி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மறுபடி ஏறியது. தளர்வு மட்டுமல்ல, மடங்கிய இடத்தில் கம்பியே கெட்டிருந்தது. உலோகப் பிடிப்பு உள்ள புதிய கேபிளை மாட்டியதும் எண் 2,658-இல் நின்றது, இன்று வரை அங்கேயே நிற்கிறது. அது சுழியத்துக்குத் திரும்பாது என்பதைக் கவனியுங்கள். பழைய பிழைகளின் கணக்கு தட்டிலேயே பதிந்திருக்கும். மாற்றத்துக்குப் பிறகு கூடுகிறதா இல்லையா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். அவசரப்பட்டு எஸ்.எஸ்.டி. வாங்கி அதே கேபிளில் மாட்டியிருந்தால், புதிய தட்டும் அதே நோயோடு எழுந்திருக்கும். அப்புறம் எதன்மேல் பழி போட்டிருப்பேனோ தெரியாது.

இப்போது 100-ஆம் பதிவில் மொத்தம் 79,000. இன்னும் ஏதோ உறுத்தியது. பொத்தானை அழுத்திய பிறகு விண்டோஸ் தொடங்குவதற்கே வெகுநேரம் ஆனது, அந்த நேரம் இந்தப் பதிவில் வராது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், மேலே ஒரு மூலையில், லாஸ்ட் பயாஸ் டைம் என்று அது தனியாக எழுதப்பட்டிருக்கும். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் ஓடி வன்பொருளை எழுப்பும் மென்பொருள். எனக்கு 41 விநாடி. எப்போதும் செருகியே கிடந்த வெளிப்புற யூ.எஸ்.பி. தட்டைக் கழற்றியதும், தொடக்க வரிசையில் முதலில் இருந்த நெட்வொர்க் பூட் என்பதை, அதாவது வலையமைப்பிலிருந்து இயங்குதளத்தைத் தேடும் ஏற்பாட்டை, முடக்கியதும் அது 12 ஆயிற்று.

அந்தச் சிறிய வெற்றிக்கு ஒரு பெரிய விலை கொடுக்க இருந்தேன். இரண்டாவது ஆபத்து என்று முன்பே குறிப்பிட்டது இதைத்தான். பயாஸ் திரையில் விரல் தவறி, எல்லாவற்றையும் இயல்புநிலைக்குத் திருப்பும் விசையை அழுத்திச் சேமித்துவிட்டேன். நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற காவல் அணைந்துபோனது. அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையொன்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. நான் எதையும் பூட்டவில்லையே என்று திகைத்தேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் தட்டின் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். அந்த வீண் ஞாயிற்றுக்கிழமையின் வேலை இது. சாவி அதே கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருந்ததால், கைப்பேசியில் நுழைந்து, நீலத் திரையில் தெரிந்த அடையாளக் குறியோடு ஒப்பிட்டு, 48 இலக்கங்களையும் உள்ளிட்டேன். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கணினிக்குள் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால் என் கதி என்ன என்று எண்ணிப் பார்க்கவே விரும்பவில்லை. பயாஸைத் தொடுவதற்கு முன் அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கினேன். சாவி கேட்பது நின்றது.

எஸ்.எஸ்.டி.க்கு மாறும் எண்ணம் இப்போதும் இருக்கிறது; ஆனால் அவசரமில்லை. கழற்றிய கேபிளைப் பழைய கம்பிகள் கிடக்கும் பெட்டியில் போடப் போனவன், இன்னொரு நாள் நானே அதை எடுத்து இன்னொரு தட்டில் மாட்டிவிடுவேன் என்று பயந்து, கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன்.