வணிகக் கணித அரியர்: மூன்றாவது முறை 51

போன செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. வணிகக் கணிதம், எழுத்துத் தேர்வில் 75க்கு 51. முதல் முறை 19, இரண்டாவது முறை 26. பி.காம். முடியப்போகிற நேரத்தில்தான் முதல் வருஷத்து அரியர் தொலைந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. இதே பேப்பரில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

பிளஸ் டூவில் நான் கணக்கு எடுக்கவில்லை. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் குரூப். கல்லூரியில் சேர்ந்ததும் விகிதம், வட்டி, சமன்பாடு, அணி (மேட்ரிக்ஸ்) என்று வரிசையாக வந்து நின்றன. கணக்கு படித்துவிட்டு வந்தவர்களுக்கு அது பழைய பாடம், வகுப்பும் அவர்கள் வேகத்தில்தான் போனது. 'இது தெரிஞ்சதுதானே' என்று தாண்டிப்போன வரிகளில்தான் நான் விழுந்தேன்.

26 வந்தபோது விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டினேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். எத்தனை மார்க் போனது என்று எல்லோருக்கும் தெரியும், எந்த வரியில் போனது என்று நகலைப் பார்த்தால்தான் தெரியும்.

தேவை 40 − 2பி, அளிப்பு 3பி + 5 (பி என்பது விலை), சமநிலை விலை, அதாவது இரண்டும் சமமாகும் விலை, என்ன என்று ஒரு கேள்வி. நான் எழுதியிருந்தது:

40 − 2பி = 3பி + 5
−5பி = −35
பி = −35/5 = −7

கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். எட்டாம் வகுப்பு படிக்கும் சித்தப்பா பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அஞ்சுக்கு முன்னாடி இருந்த மைனஸ் எங்க போச்சு?" என்றாள்.

"அந்தப் பக்கம் போனா குறி மாறும்ல?"

"அது பெருக்கிட்டுல்ல இருக்கு? ரெண்டு பக்கமும் மைனஸ் அஞ்சால வகுங்க, ஏழு வந்துடும்."

அந்தப் பேப்பரில் இதே தவறு மூன்று இடத்தில் இருந்தது. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாய்ப்பாட்டைத் தூக்கி எறியுங்கள். கூட்டல் கழித்தலில் மட்டும் அது பலிக்கும், ஏனென்றால் உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. +5 காணாமல் போவது, நாம் இரண்டு பக்கமும் 5ஐக் கழிப்பதால். −5பி என்பது பெருக்கல், அதை அவிழ்க்க −5ஆலேயே வகுக்க வேண்டும். அன்று முதல் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இருபுறமும் 5ஐக் கழிக்க', 'இருபுறமும் −5ஆல் வகுக்க' என்று தமிழில் எழுதிப் பழகினேன். ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு, இருபது நாள். அதற்குப் பிறகு கை தானாகப் போனது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, விடையைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. பி = −7 என்று போட்டால் தேவை 54, அளிப்பு −16. பத்து விநாடி வேலை. நான் செய்யவே இல்லை. விலை மைனஸ் ஏழு ரூபாய் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். 7 என்று போட்டால் இரண்டு பக்கமும் 26.

மற்றவை, ஞாபகம் வந்த வரிசையில்:

- கைடை மூடி வையுங்கள். சமச்சீர் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இயற்கணிதத்தையும் வாழ்வியல் கணிதத்தையும் முழுதாகப் போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

- அடைப்புக்குறி. அப்பா வயது மகன் வயதைப் போல் 3 மடங்கு, 12 வருஷம் கழித்து 2 மடங்கு என்றால் 3எக்ஸ் + 12 = 2(எக்ஸ் + 12). வெளியே இருக்கும் 2 உள்ளே இரண்டையும் பெருக்க வேண்டும். 2எக்ஸ் + 12 என்று விட்டால் மகன் வயது 0 என்று வரும். சரியான விடை 12.

- மைனஸ் எண் குழப்பினால் கடன் என்று நினையுங்கள். பிரம்மகுப்தர் 628இலேயே சொத்து, கடன் என்று சொல்லித்தான் அதற்கு விதி எழுதினார். கடனைக் கழித்தால் சொத்து கூடும். பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

- 20% ஏற்றி 20% இறக்கினால் பழைய விலை வராது. 100, 120, 96.

- இரண்டு வருஷத்துக்கு, ஆண்டுக்கொரு முறை வட்டி கணக்கிடும்போது, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் முதல் வருஷ வட்டிக்கு வரும் வட்டிதான். 10,000 ரூபாய்க்கு 10% என்றால் முதல் வருஷ வட்டி 1,000, அதற்கு வட்டி 100. இது புரிந்தால் சூத்திரம் மறந்தாலும் கணக்கு வரும்.

- ட்ரூ டிஸ்கவுண்டும் பேங்கர்ஸ் டிஸ்கவுண்டும் (பின்னால் வரவேண்டிய பில் பணத்தை இன்றே வாங்கினால் கழிக்கும் தொகைக்கு இரண்டு கணக்கு) நிறையப் பேரைக் கவிழ்க்கும். ஒரே உதாரணத்தை மனதில் வையுங்கள்: முகமதிப்பு 10,600, ஒரு வருஷம், 6%. இன்றைய மதிப்பு 10,000, அதற்கு வட்டி 600, அது ட்ரூ. வங்கி 10,600க்கே வட்டி பிடிக்கும், 636. மிச்சம் 36 வங்கியின் லாபம், அதாவது அந்த 600க்கு வரும் 6% வட்டி.

- அணிகள் யூனிட்டைப் பயந்து ஒதுக்காதீர்கள். கூட்டலும் பெருக்கலும்தான், குறியில் மட்டும் கவனம்.

- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் இருப்பவன் போடுவதைப் பார்த்தால் நமக்கும் தெரிந்த மாதிரியே இருக்கும். தனியாக, வெள்ளைத்தாளில், விடையைப் பார்க்காமல் போடுங்கள்.

இந்த முறையும் சமநிலை விலைக் கேள்வி வந்தது. தேவை 60 − 4பி, அளிப்பு 2பி + 12. கை நடுங்கியது. 'இருபுறமும் −6ஆல் வகுக்க' என்று எழுதினேன். எட்டு. ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 60 − 32, 28. 16 + 12, 28. இரண்டையும் அடிக்கோடிட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.